கெண்டைக்காலுக்கு இயந்திரமா, சுவரா?

மலாக்காவில் வளர்ந்தவர்களுக்கு மாசி மகம் என்றாலே செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில்தான் நினைவுக்கு வரும். நகரத்தின் பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து முருகப்பெருமானின் இரதம் புறப்பட்டுச் செங் வரை செல்லும். இவ்வாண்டு நானும் என் தோழியரும் இரதத்தின் பின்னால் வெறுங்காலோடு நடந்தோம். மறுநாள் காலை படுக்கையை விட்டு இறங்கிய முதல் அடியிலேயே இரண்டு கெண்டைக்கால்களும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போன என்னைப் பார்த்து, எழுபத்து நான்கு வயதான என் பாட்டி சிரித்தார். “இந்த நடைக்கே இப்படியா கண்ணு? நாங்கல்லாம் தினமும் இதவிட நடந்தோம்” என்றார்.

அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அதே பாட்டியால் இன்று எங்கள் வீட்டு வாசற்படியில் கைப்பிடி இல்லாமல் இறங்க முடிவதில்லை. அவருடைய கெண்டைக்கால்கள் கல்லைப் போல் இறுகிவிட்டன. அதனால்தான், மாசி மகத்தன்று கோயிலுக்கு வெளியே போட்டிருந்த கூடாரக் கடை ஒன்றில் என் அப்பா ஒரு கால் மசாஜ் இயந்திரத்தை வாங்கினார். காலை உள்ளே வைத்தால் அதிரும், சூடும் தரும். விலை 1,800 வெள்ளி, தவணையில் கட்டலாம். நம் நாட்டில் 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளிதான் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு மாத உழைப்பு முழுவதையும் கொடுத்து நம் குடும்பங்கள் வாங்கும் இந்த அதிர்வு, உண்மையில் காலுக்கு என்ன செய்கிறது? இதே பலனைச் செலவில்லாமல் பெற வழியே இல்லையா? இவ்விரு கேள்விகளையும் உங்கள் முன் வைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பால்மரக் காட்டில் வளர்ந்த கால்

பாட்டி ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன் பெரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் நடந்து, வெட்டு தாழ்வாக இருக்கும் மரங்களில் குந்தி வெட்டி, பின்னர் மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து வாளி வாளியாகச் சுமந்தவர். வீட்டுக்கு வந்தால் துணி துவைப்பதும் குந்தியபடிதான், மீன் ஆய்வதும் குந்தியபடிதான், லயத்து வாசலில் கதை பேசுவதும் குந்தியபடிதான். குதிகால் தரையில் பதிய முழுவதுமாகக் குந்தும்போது முழங்கால் பாதத்தைத் தாண்டி முன்னே செல்கிறது. கணுக்கால் நன்றாக மடிகிறது. கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கும் தசை நீள்கிறது. ஆக, பாட்டியின் தலைமுறை தினமும் தசை நீட்டல் பயிற்சி செய்துகொண்டுதான் இருந்தது. அதற்கு அப்படி ஒரு பெயர் இருப்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

1967ஆம் ஆண்டில், இதே ஜாசின் மாவட்டத்தின் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் வேலைப் பிரச்சினைக்கு நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரை நடந்தே சென்றார்கள். அப்போது பாட்டிக்குப் பதினாறு வயது. அந்த நடையைப் பற்றி அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது அந்தப் பெருமையோடு ஒரு கேள்வியும் எழுகிறது. அப்படி நடந்த கால்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், எத்தனை பேர் குதிகாலை உயர்த்தாமல் குந்தி உட்கார முடியும்? இதைப் படிக்கும்போதே ஒருமுறை முயன்று பாருங்கள். என் விடுதி அறைத் தோழியர் நால்வரில் ஒருவரால்தான் முடிந்தது. அந்த ஒருவர் நான் இல்லை.

இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய்த் தாமான் வந்தது. நாற்காலி, சோபா, மோட்டார்சைக்கிள் எல்லாம் வந்தன. இவற்றை நான் குறை கூறவில்லை. பாட்டி பட்ட துன்பம் எனக்கு வேண்டாம் என்றுதான் என்னைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார்கள். ஆனால் அந்தத் துன்பத்தோடு சேர்ந்து கால்களுக்குக் கிடைத்த இலவசப் பயிற்சியும் போய்விட்டது. அதற்குப் பதிலாக நாம் எதையும் வைக்கவில்லை.

கெண்டைக்காலில் என்ன இருக்கிறது?

கெண்டைக்கால் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது முக்கியமாக இரண்டு தசைகளை. மேலே புடைத்துத் தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். இது முழங்காலுக்கு மேலே, தொடையெலும்பின் கீழ்முனையில் தொடங்குகிறது. அதன் அடியில் தட்டையாக இருப்பது சோலியஸ். இது முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் அகில்லிஸ் தசைநாணாக ஒன்றுசேர்ந்து குதிகால் எலும்பில் முடிகின்றன. இந்த வேறுபாடு தேர்வுக்காக மனனம் செய்ய வேண்டிய ஒன்று மட்டுமன்று. முழங்காலை நேராக வைத்து நீட்டினால் மேல்தசை நன்றாக நீளும். முழங்காலை மடக்கினால் மேல்தசை தளர்ந்து, அடித்தசைக்கு வேலை போகும். ஆகவே இரண்டு விதமாகவும் நீட்ட வேண்டும். நம்மில் பலர் செய்வது முதலாவதை மட்டும்தான்.

நடக்கும்போது பாதம் தரையில் பதிந்திருக்க, முழங்கால் அதைத் தாண்டி முன்னே செல்ல வேண்டும். அதற்குக் கணுக்கால் ஏறத்தாழ 10 பாகை மடிய வேண்டும். படி இறங்குவதற்கு அதைவிட அதிகம் தேவை. கெண்டைக்கால் இறுகியவர்களுக்கு அந்தப் பாகை கிடைப்பதில்லை. அதனால்தான் பாட்டி பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குகிறார்.

நம் சமுதாயத்திற்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். இரத்தத்தில் நெடுங்காலம் சர்க்கரை கூடியிருந்தால், தசைநாண்களில் உள்ள கொலாஜன் இழைகள் சர்க்கரையோடு பிணைந்து விறைத்துப் போகின்றன. கணுக்கால் மடியாதபோது நடையின் அழுத்தம் முன்பாதத்தில் கூடுகிறது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் அப்படி அழுத்தம் கூடினால் புண் வரும் ஆபத்தும் கூடும். நம் வீடுகளில் காலை இழந்த பெரியவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆய்வுகள் கூறுவது என்ன?

இயந்திரம் வெறும் ஏமாற்று என்று எழுதிவிடத்தான் நான் முதலில் நினைத்தேன். தேடிப் படித்தபோது அப்படி எழுத முடியவில்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், 16 ஆடவர்களின் கெண்டைக்கால்களில் மசாஜ் கன்னை 5 நிமிடம் பயன்படுத்திப் பார்த்தார்கள். கணுக்கால் மடியும் அளவு சராசரியாக 5.4 பாகை கூடியது. தசையின் வலிமை குறையவில்லை. ஐந்தே நிமிடத்தில் ஐந்து பாகை என்பது நல்ல பலன்தான்.

நீட்டிப் பிடிக்கும் பயிற்சியும் உடனடியாக இப்படிச் சில பாகைகளைத் தரும். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. ஒரே தசையை ஒரு நிமிடத்திற்கு மேல் நீட்டிப் பிடித்துவிட்டு உடனே ஓடினாலோ தாவினாலோ, வலிமை சிறிது குறைவதாகப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஒரு நிமிடத்திற்குக் குறைவாகப் பிடித்தால் அந்தக் குறைவு மிகச் சொற்பமே. ஆகவே ஓட்டப் பந்தயத்திற்குச் சற்று முன்பு, நீண்ட நேர நீட்டலைவிடச் சில நிமிட அதிர்வோ, மெதுவோட்டமோ, கால்வீச்சுப் பயிற்சியோ மேலானது. இந்த இடத்தில் இயந்திரத்திற்கு ஒரு மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாசி மகத்தின் மறுநாள் எனக்கு வந்த வலியை எந்த நீட்டல் பயிற்சியும் தடுத்திருக்காது. உடற்பயிற்சிக்கு முன்போ பின்போ தசையை நீட்டுவதால் அடுத்தடுத்த நாள்களின் தசைவலி பொருட்படுத்தும் அளவுக்குக் குறைவதில்லை என்று 2011இல் வெளிவந்த கொக்ரேன் மறுஆய்வு கூறுகிறது. எனக்கு நடந்து பழக்கமில்லை, அதனால் வலித்தது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அப்படியானால் சுவருக்கு என்னதான் சிறப்பு? ஐந்து நிமிட அதிர்வு தருவது அந்த வேளைக்கான தளர்ச்சி. அதிர்வு நரம்பு முனைகளைத் தூண்டி, வலியையும் இறுக்கத்தையும் உணரும் அளவைச் சிறிது நேரம் குறைக்கிறது. வாரக்கணக்கில் நீடிக்கும் முன்னேற்றத்திற்கு, தொடர்ந்து செய்யப்படும் நீட்டல் பயிற்சிக்கே நெடுங்காலமாக உறுதியான சான்றுகள் குவிந்துள்ளன. அந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு, நீட்சியைத் தாங்கிக்கொள்ள உடல் பழகுவதால் வருவது என்றும் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். பழகுவதற்கு நாள்கள் வேண்டும். அந்த நாள்களைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

எங்கள் வீட்டுச் சோதனை

நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு பாதத்தைச் சுவரைப் பார்த்து வைத்து, குதிகாலை உயர்த்தாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற வரையில் பாதத்தைச் சிறிது சிறிதாகப் பின்னே நகர்த்த வேண்டும். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரமே அளவு. எனக்கு முதலில் 6 சென்டிமீட்டர் வந்தது. அப்பாவின் இயந்திரத்தில் பத்து நிமிடம் கால் வைத்த பிறகு 7 வந்தது. மாலையில் மீண்டும் 6. பிறகு ஆறு வாரங்கள் தினமும் சுவரில் நீட்டினேன். இப்போது 9. நான் ஒருத்திதான், இது ஆய்வாகாது. என்றாலும் அந்த 9, மறுநாள் காலையிலும் 9ஆகவே இருக்கிறது.

பாட்டியின் கதை வேறு. கடைக்காரர், இயந்திரம் இரத்த ஓட்டத்தைக் கூட்டும், சர்க்கரையைக் குறைக்கும் என்றெல்லாம் சொன்னார். “எவ்வளவு சூடு வேணும்னாலும் வைக்கலாம்” என்றார். பாட்டிக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு. பாதங்களில் உணர்ச்சி குறைவு. மூன்றாம் வாரத்தில் அவருடைய கணுக்காலுக்கு மேலே ஒரு கொப்புளம் கண்டேன். சூட்டால் வந்தது. அவருக்கு அது சுடவே இல்லை. கிளினிக்கில் மருந்து கட்டிய தாதி, “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பெரிய புண்ணாயிருக்கும்மா” என்று சொன்னபோது அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அம்மா மேல் உள்ள பாசத்தில், மாதச் சம்பளத்தில் பிடித்துப் பிடித்து வாங்கிய பொருள் அது.

ஆகவே ஒரு வேண்டுகோள். கால் மரத்துப்போன நீரிழிவுக்காரர்களுக்குச் சூடும் அதிர்வும் உள்ள இயந்திரத்தை மருத்துவரைக் கேட்காமல் வைக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோரும் அப்படியே. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி, சிவந்து, சூடாக வலித்தால் அது நரம்புப் பிடிப்பாக இல்லாமல் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம். அப்போது தைலம் போட்டு உருவவும் கூடாது, இயந்திரமும் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பறிபோன உடற்கல்விப் பாடவேளை

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது, யு.பி.எஸ்.ஆர். நெருங்க நெருங்க உடற்கல்விப் பாடவேளைகளெல்லாம் கணிதமாகவும் அறிவியலாகவும் மாறின. ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தேர்ச்சிதான் பள்ளியின் மானம் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் தேர்வு 2021இல் கைவிடப்பட்டுவிட்டது. பாடவேளையைப் பறிக்க அந்தக் காரணம் இப்போது இல்லை. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டக் குழுவில் இடம் கிடைத்தது. ஓடுவதற்கு முன் கால் நீட்டி உட்கார்ந்து இருபது வரை எண்ணியதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே வார்ம்-அப். ஏன் செய்கிறோம், எப்போது செய்ய வேண்டும் என்று எவரும் விளக்கியதில்லை.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் மணி ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடிப் படைத்த தேசியச் சாதனை, 2017 வரை நிலைத்தது. அதை முறியடித்தவர் நம் மலாக்காவின் கைருல் ஹபிஸ் ஜந்தான். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வென்றவர் கோ. சரவணன். தரையில் பட்ட காலின் முழங்காலை மடக்காமல் நடக்க வேண்டிய அந்தப் போட்டி கெண்டைக்காலுக்கும் முன்காலுக்கும் எவ்வளவு பெரிய சோதனை என்பதை, வேகமாக ஒரு கிலோமீட்டர் நடந்து பார்த்தாலே உணரலாம். இவர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். நம் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஓர் உடற்கல்வி வேளையை முழுமையாகக் கொடுக்கத் தயங்குகிறோம். இது முறையா?

என் கருத்து

“பெரியவர்கள் சுவரில் நின்று பயிற்சி செய்வார்களா? இயந்திரமென்றால் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே காலை வைத்துவிடலாமே” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. லயத்தில் வாழ்ந்தபோது மாலையில் ஒருவர் காலை ஒருவர் மடியில் வைத்து நல்லெண்ணெய் தடவி நீவிவிட்டவர்கள், இன்று தாமானில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருக்கிறார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறோம். அந்தக் கைக்குப் பதிலாகத்தான் இயந்திரத்தை வாங்கி வைக்கிறோம். வாங்குகிறவரின் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டதால் நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறோமே, அதைத்தான் மறுக்கிறேன். பாட்டியைத் தனியாகச் சுவருக்கு அனுப்பினால் அவர் போகமாட்டார். நான் பக்கத்தில் நின்றால் அவரும் நிற்கிறார்.

செய்முறை எளிது. சுவரில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றி, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வையுங்கள். பின்காலின் விரல்கள் நேராகச் சுவரைப் பார்க்கட்டும். குதிகால் தரையில் பதிந்திருக்கட்டும். முழங்காலை நேராக வைத்து, இழுப்பு தெரியும் வரை முன்னே சாய்ந்து 30 விநாடி நில்லுங்கள். பிறகு அதே நிலையில் பின்முழங்காலைச் சற்று மடக்கி இன்னொரு 30 விநாடி. காலை மாற்றிச் செய்யுங்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இழுப்பு தெரியலாம்; வலி கூடாது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பரிந்துரை, 10 முதல் 30 விநாடி வரை பிடித்து, ஒவ்வொரு தசைக்கும் மொத்தம் 60 விநாடி, வாரத்தில் குறைந்தது இரண்டு மூன்று நாள் என்பது. தினமும் செய்தால் இன்னும் நல்லது. நிற்க முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, பாதத்தில் துண்டைப் போட்டு மெல்ல இழுக்கலாம்.

நம் மொழிக் கழகத்திற்கும் இரண்டு யோசனைகள். அடுத்த விளையாட்டு விழாவுக்கு மசாஜ் கன் வாங்கலாம் என்று செயலவையில் பேச்சு இருக்கிறது. ஒன்று வாங்குங்கள், ஓட்டத்திற்கு முன் பயன்படும். அதற்கு மேல் செலவழிக்க நினைக்கும் பணத்தில், பயிற்சி தெரிந்த ஒருவரை அழைத்து ஒரு நாள் பட்டறை நடத்துங்கள். அடுத்து, விடுமுறையில் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பாடம் நடத்தப் போகும்போது, முதல் ஐந்து நிமிடத்தைப் பிள்ளைகளின் கால்களுக்குக் கொடுப்போம். முழங்கால் சுவரைத் தொடும் சோதனையைச் செய்துகாட்டுங்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே இருக்கும். “வீட்டில் தாத்தா பாட்டியோடு செய்துவிட்டு, எத்தனை விரல்கடை வந்தது என்று நாளைக்குச் சொல்லுங்கள்” என்று வீட்டுப்பாடமாகவே கொடுக்கலாம்.

எங்கள் வீட்டில் இயந்திரம் இன்னும் இருக்கிறது. சூட்டை அணைத்துவிட்டு அப்பா வேலை முடிந்து வந்து காலை வைக்கிறார். அவருக்கு இதமாக இருக்கிறதாம். தவணை இன்னும் ஏழு மாதம் பாக்கி. பாட்டியின் புண் ஆறிவிட்டது. நான் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போகும் வாரங்களில் இருவரும் சமையலறைச் சுவரில் கைகளை ஊன்றி நிற்கிறோம். முப்பது எண்ணுவது அவர் பொறுப்பு. இருபத்தைந்துக்கு மேல் மெதுவாக எண்ணுகிறார். கேட்டால், “பெரட்டுல கங்காணி எண்ணுனது இதவிட மெதுவு” என்கிறார்.